விட்ட இடத்திலிருந்து ஒரு பேச்சு

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: “என் மாமியாருக்குச் சர்க்கரை கிடையாது. பிரஷரும் மாத்திரையில் அடங்கியிருக்கிறது. வேளாவேளைக்குச் சாப்பாடு, தனி அறை, டி.வி. எல்லாம் செய்து கொடுத்திருக்கிறோம். ஆனால் பேசுவதே இல்லை. எதைக் கேட்டாலும் ‘ம்’ என்கிறார். நாங்கள் என்ன குறை வைத்தோம்?”

கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. மூன்று நாலு வருஷத்துக்கு முன்னால் இதே கடிதத்தை நானே எழுதியிருப்பேன். அதனால் இந்தத் தடவை சமையல் குறிப்பை ஒத்திப்போட்டுவிட்டு, எங்கள் வீட்டுக் கதையையே சொல்லிவிடுகிறேன்.

என் மாமியாருக்கு இப்போது வயது 86. கும்பகோணம் பக்கத்துக் கிராமம். நான் ‘அத்தை’ என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் குடியிருப்பில் பிள்ளையார் கோயிலை ஒட்டி ஒரு சிமென்ட் பெஞ்சு. தினமும் சாயந்திரம் அஞ்சு மணி அடித்தால் போதும், ஐந்து பெண்மணிகள் அங்கே ஆஜர். விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் பேச்சு, சிரிப்பு, சண்டை. “அப்படி என்னதான் பேசுவீங்க?” என்று கேட்டால், “ஒண்ணுமில்லம்மா, சும்மாத்தான்” என்பார் அத்தை. அந்த ‘ஒண்ணுமில்லை’தான் அவருக்கு அடுத்த நாளைத் தள்ளுவதற்கான டானிக் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பெஞ்சு காலியானது. திரும்ப எல்லாரும் வெளியே நடமாட ஆரம்பித்தபோது ஐவரில் இருவர் உயிரோடு இல்லை. ஒருவரை மகள் பெங்களூருக்கு அழைத்துப் போய்விட்டாள். மிச்சம் அத்தையும், மூன்றாவது மாடியில் இருக்கும் கோயமுத்தூர் அம்மாவும். இரண்டு பேர் உட்கார்ந்தால் காலியாக இருக்கும் மூன்று இடம்தானே கண்ணில் படும்? ஒருவரையொருவர் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வீட்டுக்குள் போய்விடுவார்கள். அத்தை டி.வி.யைப் போட்டுக்கொண்டு அதைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்ப்பார்.

நாங்கள் வீட்டில் பேசாமலா இருந்தோம்? நன்றாகவே பேசினோம். “சாப்டீங்களா அத்தை?” “மாத்திரை போட்டாச்சா?” “வெந்நீர் வைக்கட்டுமா?” யோசித்துப் பாருங்கள், இவற்றில் ‘ம்’ என்பதற்கு மேல் பதில் சொல்ல எந்தக் கேள்விக்காவது இடம் இருக்கிறதா? வார்டு நர்ஸ் கேட்கிற கேள்விகள் இவை.

இன்னொரு பாவமும் என் கணக்கில் உண்டு. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்பெல்லாம் அத்தை எதையாவது ஆரம்பித்தால், “இதை நூறு தடவை சொல்லியாச்சு அத்தை” என்று சிரித்துக்கொண்டே கத்தரித்துவிடுவேன். சிரித்துக்கொண்டே சொன்னால் வலிக்காது என்று ஒரு நினைப்பு. என் பெண்ணும் அதையே பிடித்துக்கொண்டாள். “பாட்டி, இது ரிபீட்டு!” கொஞ்ச நாளில் பாட்டியின் கதைகள் நின்றே போயின. பேச்சை அடைத்தது ஊரடங்கு மட்டுமல்ல, நாங்களும்தான்.

2022 செப்டம்பர். எங்கே பார்த்தாலும் ‘பொன்னியின் செல்வன்’ சினிமா விளம்பரம். பரணை ஒழிக்கும்போது என் மாமனார் பத்திரிகையிலிருந்து கிழித்துத் தைத்து பைண்டு செய்து வைத்திருந்த பொன்னியின் செல்வன் தொகுப்பு அகப்பட்டது. மணியம் வரைந்த படங்களோடு, ஓரமெல்லாம் பொடியாக உதிரும் நிலையில் இருந்தது. தூசியைத் தட்டிக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல், “ஆதித்த கரிகாலனைக் கொன்னது நந்தினிதானே?” என்றேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது: “யாரு சொன்னா?”

நான் ஏணியில் அப்படியே நின்றுவிட்டேன்.

“நீ புஸ்தகத்தைப் படிச்சியா, இல்ல எவளோ சொன்னதைக் கேட்டுட்டுச் சொல்றியா? அந்தக் கடம்பூர் மாளிகையில, இருட்டுல, அந்த ரூமுக்குள்ள எத்தனை பேரு இருந்தாங்க தெரியுமா உனக்கு? நந்தினி மேல பழி போடுறதுக்குன்னே ஒரு கூட்டம். என் தங்கச்சியும் அந்தக் கட்சிதான்!”

ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை! அத்தைக்குக் கன்னம் சிவந்துவிட்டது. அந்தத் தொடர் வெளிவந்தது 1950 முதல் 1954 வரை. ஆரம்பித்தபோது அத்தைக்கு 11 வயது. முடிந்தபோது 15. வாரம் ஒரு தடவை பத்திரிகை வந்ததும் கூடத்தில் உட்கார்ந்து அவர் உரக்கப் படிக்க, தங்கை, பாட்டி, பக்கத்து வீட்டார் எல்லாரும் கேட்பார்களாம். கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி கடைசிவரை பூட்டு போட்டு முடிக்கவில்லை அல்லவா? அதனால் அக்கா ஒரு கட்சி, தங்கை ஒரு கட்சி. கல்யாணமாகி வேறு வேறு ஊருக்குப் போன பிறகும் கடுதாசியில் சண்டை தொடர்ந்ததாம்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, டாக்டர்கள் பக்கத்து விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வயதானவர்கள் பழையதையே பேசினால் ‘மூளை தளர்ந்துவிட்டது’ என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நினைத்தார்கள். ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1963-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை மறுத்தார். முதுமையில் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது நோய் அல்ல, இயற்கையாக நடக்க வேண்டிய ஒரு வேலை என்றார். நம் பாட்டிமார்களுக்கு அவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லைதான், ஆனால் நமக்குத் தெரிய வேண்டும். இன்னொன்று. வயதானவர்களிடம் ஞாபகங்களைச் சொல்லச் சொன்னால், சுமார் 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் நடந்தவைதான் நிறைய வரும் என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். நேற்று வந்த சீரியலைப் பற்றிக் கேட்டால் ‘ம்’ என்கிறவர், 14 வயதில் போட்ட சண்டையைப் பற்றிக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவதற்கு இதுதான் காரணம்.

ஆனால் எப்படிக் கேட்கிறோம் என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. “அத்தை, அது ஞாபகம் இருக்கா? இவங்க யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்?” என்று கேட்கக்கூடாது. அது பரீட்சை. தெரியவில்லையென்றால் அவமானம். அந்த அவமானத்துக்குப் பயந்தே பலர் வாயைத் திறப்பதில்லை. நாம் ஏதாவது ஒன்றைக் கொஞ்சம் தப்பாகச் சொல்லிவிட்டால் போதும். திருத்த வருவார்கள். நான் அன்று பரண் ஏணியில் நின்று தெரியாமல் செய்ததை, பிறகு தெரிந்தே செய்ய ஆரம்பித்தேன். “அந்தக் காலத்துல ஓரணான்னா பத்து பைசாதானே அத்தை?” என்பேன். “பத்தா! 1957-ல நயா பைசா வந்தப்போ ஓரணாவுக்கு ஆறேகால் பைசா கணக்கு. அந்தக் கால் பைசாவை எந்தக் கடைக்காரன் குடுத்தான்?” என்று ஆரம்பித்து, அந்த வருஷம் தினமும் கடையில் நடந்த தகராறு முழுவதும் வந்துவிடும்.

சரி, தங்கை விஷயத்துக்கு வருகிறேன். அதுதான் எனக்குப் பெரிய மலையாக நின்றது.

2009-ல் அவர்கள் அம்மா காலமானபோது, ஒரு வெண்கலப் பானை யாருக்கு என்பதில் மனஸ்தாபம். பொங்கல் பானைதான், பெரிய விலை ஒன்றும் இல்லை. தஞ்சாவூரில் இருக்கும் தங்கை, அதாவது எங்கள் சின்னத்தை, அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து பதின்மூன்று வருஷம் அக்காவும் தங்கையும் பேசவில்லை. கல்யாணங்களில் எதிர்ப்பட்டால் “வாங்க” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். சமாதானம் செய்யப் போனவர்கள் எல்லாரும் பானையிலிருந்துதான் ஆரம்பித்தார்கள். பானை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் இரண்டு பக்கமும் கதவு சாத்திவிடும்.

நான் பானையை விட்டுவிட்டேன். சின்னத்தைக்கு டெலிபோன் செய்தேன். “சின்னத்தை, இங்க ஒரே சண்டை. கரிகாலனைக் கொன்னது நந்தினி இல்லவே இல்லைன்னு அத்தை அடிச்சுச் சொல்றாங்க. நீங்க வேற மாதிரி சொல்வீங்களாமே?”

மறுமுனையில் சத்தமே இல்லை. வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன். பிறகு, “இன்னுமா அக்கா அந்த நந்தினி கட்சியை விடல?” என்றார். குரல் கம்மியிருந்தது. “போனை அவங்ககிட்ட குடு.”

நான் போனை அத்தை கையில் கொடுத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன். அந்த இடத்தில் நிற்பது அழகில்லை. குக்கர் மூன்று விசில் அடித்து, நான் சாம்பார் தாளித்து, அப்பளம் பொரித்து முடித்த பிறகும் பேச்சு நிற்கவில்லை. நலமா, சௌக்கியமா என்று ஒரு வார்த்தை கிடையாது. எடுத்த எடுப்பில் சண்டை! நடுவில் ஒரு தடவை அத்தை சிரித்தார். இவர் ஆபீஸிலிருந்து வந்ததும், “அம்மா யார்கூட பேசறாங்க?” என்று கேட்டார். சொன்னேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

பெஞ்சு மறுபடி கூடியது இதற்கு அப்புறம்தான். கோயமுத்தூர் அம்மாவையும் கட்சி சேர்த்தோம். அவர் பெரிய பழுவேட்டரையர் பக்கம். ஆனால் வாருங்கள் என்று கூப்பிட்டால் மட்டும் வந்துவிடுவார்களா? பேச்சுக்குக் குறுக்கே நிற்பவை பெரும்பாலும் மனசில் இல்லை. காதிலும் முழங்காலிலும் பாத்ரூமிலும் இருக்கின்றன.

முதலில் காது. வயதாகும்போது மெல்லிய, கீச்சான ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று புரியாது. அதனால்தான் ஆம்பிளைக் குரல் பிடிபடுகிற அளவுக்குப் பேத்தியின் குரல் பிடிபடுவதில்லை. நாம் கத்தினால் பிரயோசனமில்லை. டி.வி.யை, மிக்ஸியை நிறுத்திவிட்டு, முகத்துக்கு நேரே, வெளிச்சம் நம் முகத்தில் விழும்படி உட்கார்ந்து, நிதானமாகப் பேச வேண்டும். காது டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். சில சமயம் குறும்பி அடைத்திருப்பதுதான் வினையாக இருக்கும். வீட்டில் ஊக்கு, பட்ஸ் எதையும் உள்ளே விடாதீர்கள். கருவி வைக்கச் சொன்னால் தயங்காதீர்கள். மறதி நோய்க்கு இடம் கொடுக்கிற, நாம் மாற்றக்கூடிய காரணங்கள் என்று லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-ல் 14 விஷயங்களைப் பட்டியலிட்டது. காது கேளாமையும், மனுஷர் தொடர்பு இல்லாத தனிமையும் அதில் உண்டு.

அடுத்தது உட்காருவது. அந்தச் சிமென்ட் பெஞ்சுக்கு முதுகு சாய இடம் கிடையாது, ஊன்றி எழுந்திருக்கக் கைப்பிடியும் கிடையாது. முழங்கால் வலிக்காரர் அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னொருவர் வர வேண்டும். கைப்பிடி வைத்த நாற்காலிகளைக் கீழே போட்டு வைக்கும்படி வாட்ச்மேனிடம் சொன்னோம். மூன்றாவது, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. கோயமுத்தூர் அம்மா அரை மணிக்கு மேல் இருக்கமாட்டார். காரணம் கேட்டால், “அடுப்புல பால் இருக்குதுங்க” என்பார். தினமுமா அடுப்பில் பால் இருக்கும்? மூத்திர அவசரம்! மூன்றாம் மாடி ஏறுவதற்குள் என்ன ஆகுமோ என்ற பயம். கீழ்வீட்டுக்காரர்கள் பெரிய மனசு பண்ணி, “எங்க பாத்ரூமுக்கு வந்துட்டுப் போங்கம்மா” என்றார்கள். அன்றிலிருந்து அடுப்பில் பால் இல்லை. (நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருந்தால், வெளியே போவதற்காக நீங்களாகவே நேரத்தை மாற்றாதீர்கள், டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.)

இப்போது ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியார் ஒருவர் ஒரு நாள் வந்து, உடையார்குடிக் கல்வெட்டில் கரிகாலனைக் கொன்றவர்கள் என்று சோமன், ரவிதாஸன், பரமேஸ்வரன் என்ற பேர்களே வெட்டியிருக்கிறதே என்று ஆரம்பித்தார். வாஸ்தவம்தான். ஆனால் பெண்மணிகள் ஒரே குரலில், “கல்வெட்டு கெடக்கட்டும் சார், கதையைப் பேசுங்க!” என்று அடக்கிவிட்டார்கள். மனுஷர் பாவம், அடுத்த நாளும் வந்தார்.

இந்தப் பேச்சால் எனக்கும் ஒரு லாபம். என் மாமியாரின் ஆவக்காய்க் கணக்கு, ‘ஒரு வீசை மாங்காய்க்கு எட்டுப் பலம் உப்பு’. பலம் என்றால் 35 கிராம் என்று எங்கேயோ படித்து, 280 கிராம் உப்பு அளந்து, வீசையை மட்டும் ‘ஏதோ ஒரு கிலோ’ என்று வைத்துக்கொண்டு வருஷா வருஷம் போட்டுவந்தேன். வருஷா வருஷம் உப்புக் கரிக்கும். ‘உப்பு ஜாஸ்தியான உப்பு’ என்று கடைக்காரரைத் திட்டுவேன். பெஞ்சில் ஒரு நாள் படியா வீசையா என்று பழைய அளவைச் சண்டை வந்தபோது விஷயம் வெளியாகிவிட்டது. 40 பலம் ஒரு வீசை, அப்படியென்றால் 1 கிலோ 400 கிராம்! நானூறு கிராம் மாங்காயை விட்டுவிட்டு உப்பை மட்டும் முழுசாகப் போட்டிருக்கிறேன். “இத்தனை வருஷமா ஏன் அத்தை சொல்லல?” என்றேன். “நீ கேக்கலியே” என்றார். (பிரஷர் உள்ளவர்கள் சரியான கணக்கில் போட்ட ஆவக்காயையும் தொட்டுக்கொள்வதோடு நிறுத்த வேண்டும் என்பது வேறு விஷயம்.)

எல்லாப் பழைய பேச்சும் சிரிப்பில் முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாள் புயல் மழை என்று பேச்சுத் திரும்பி, 1964 டிசம்பர் தனுஷ்கோடிப் புயலுக்கு வந்து நின்றது. ராமநாதபுரம் பக்கத்து அம்மா ஒருவர் அதுவரை கலகலப்பாக இருந்தவர், புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அவருக்கு அதில் ஒரு அண்ணன் போயிருக்கிறார். நான் பதறிப்போய்ப் பேச்சை மாற்றப் பார்த்தேன். அத்தை என் கையைப் பிடித்து நிறுத்தினார். யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர் அழுது முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு நாள் கழித்து அவரே அண்ணனைப் பற்றிச் சொன்னார், அவர் எப்படி நீச்சலடிப்பார், எப்படிப் பாடுவார் என்று. அவராகச் சொன்னார். நாம் தோண்டக்கூடாது. சிலர் சொல்லவே விரும்பமாட்டார்கள், அதையும் விட்டுவிட வேண்டும்.

இதை ஒரு வைத்தியமாகவும் எண்ணிவிடாதீர்கள். மறதி நோய் வந்தவர்களுக்குப் பழைய நினைவுகளைப் பேசவைக்கும் முறை பல நாடுகளில் இருக்கிறது. ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்ததில் பலன் சிறிய அளவில்தான், அதுவும் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை என்றே தெரிகிறது. நோயைத் திருப்பாது. பழைய கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று. அஞ்சு நிமிஷம் முன்னால் கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது, தெரிந்த தெருவில் வழி தவறுவது வேறு. இவற்றை டாக்டரிடம் காட்ட வேண்டும். பேசாமல் இருப்பதோடு சாப்பாடு குறைந்து, தூக்கம் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பே இல்லாமல் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கும் வைத்தியம் உண்டு, ‘வயசானா அப்படித்தான்’ என்று விடாதீர்கள். நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்பிப் பேசினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

திருச்சி சகோதரிக்கு: உங்கள் மாமியார் எந்தச் சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார் என்று உங்கள் வீட்டுக்காரரின் அத்தைமாரையும் சித்திமாரையும் கேட்டுப் பாருங்கள். சினிமாவோ, சமையலோ, கோலத்தில் புள்ளிக் கணக்கோ, எதுவாகவும் இருக்கும். அதில் அவர் எந்தக் கட்சி என்று தெரிந்துகொண்டு, நீங்கள் எதிர்க்கட்சியில் சேர்ந்துவிடுங்கள். பதில் வர இரண்டு வாரம் ஆனாலும் விடாதீர்கள். என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.

எங்கள் வீட்டில் அக்காவும் தங்கையும் இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுகிறார்கள். பானையைப் பற்றி இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. போன பொங்கலன்று சின்னத்தையின் பேரன் போனில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். முற்றத்தில் கோலம், மூன்று கல் அடுப்பு, அதன்மேல் அதே வெண்கலப் பானை, பால் பொங்கி வழிகிறது. காட்டலாமா வேண்டாமா என்று எனக்கு ஒரே யோசனை. காட்டினேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“பானையைத் தேய்க்கவே தெரியல இவளுக்கு. கழுத்தெல்லாம் எப்படிக் கறுத்துக் கெடக்கு பாரு. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சா அம்மா கையில தங்கமா இருக்கும். நம்பரைப் போட்டுக் குடு, சொல்றேன்.”